உள்ளீடற்ற பூமிக்குள் கடல் எங்கே நிற்கும்? (நீரும் ஈர்ப்பும் பற்றிய விவாத இழை)

மீகாமன் எழுதியது:

உள்ளீடற்ற பூமிக் கொள்கையை விளக்கும் படங்களில் ஒரு காட்சி மாறாமல் வருகிறது. பூமியை நெடுக்காகப் பிளந்து காட்டியிருப்பார்கள். ஓட்டின் வெளிப்புறத்தில் நம்முடைய கடல்களும் கண்டங்களும், உட்புறத்தில் வேறொரு தொகுதிக் கடல்களும் கண்டங்களும், நட்ட நடுவில் ஒரு சிறு சூரியன், இரு துருவங்களிலும் வாய் பிளந்த துளைகள். துளையின் விளிம்பில் வெளிக்கடல் வளைந்து உட்கடலாக மாறுகிறது என்றும், ஒரு கப்பல் தன்னை அறியாமலேயே விளிம்பைச் சுற்றி உள்ளே போய்விடலாம் என்றும் சொல்கிறார்கள்.

இக்கொள்கையைப் பொதுவாக வாதிடும் இழைகள் ஏற்கெனவே பல உண்டு. அவை பெரும்பாலும் ரகசிய ஆவணங்கள், பறக்கும் தட்டுகள் என்று திசைமாறிப் போய்விடுகின்றன. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். பூமி அந்தப் படத்தில் உள்ளவாறே இருப்பதாக வைத்துக்கொள்வோம். உட்சுவரில் இருக்கும் நீரை அங்கே பிடித்து வைப்பது எது? கணக்கிட வசதியாக, 1913-இல் மார்ஷல் கார்ட்னர் முன்வைத்த அளவுகளைக் கொள்ளலாம்: ஓட்டின் தடிப்பு 800 மைல், அதாவது ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், துருவத் துளையின் அகலம் 1,400 மைல், உட்சூரியனின் விட்டம் 600 மைல்.

தேடலோன் எழுதியது:

இக்கொள்கையில் எனக்கு ஈடுபாடு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்விக்கு அதன் ஆதரவாளர்கள் தரும் விடை எளிமையானது. பூமியின் பொருள் முழுவதும் ஓட்டில்தான் இருக்கிறது என்றால், ஈர்ப்பின் மையமும் ஓட்டின் நடுவில்தான், அதாவது நம் காலடியிலிருந்து 650 கிலோமீட்டர் ஆழத்தில்தான் இருக்க வேண்டும். வெளியே நிற்பவரும் உள்ளே நிற்பவரும் அந்த நடுத்தளத்தை நோக்கியே இழுக்கப்படுவார்கள். உட்சுவரில் நிற்பவருக்கு அருகிலுள்ள சுவர் காலடியிலேயே இருக்கிறது. எதிர்ச்சுவரோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அருகில் இருப்பது வலுவாக இழுக்கும் என்பதால், கடலும் மனிதரும் சுவரோடு ஒட்டியே இருப்பார்கள்.

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

தேடலோன் அவர்கள் எடுத்துச் சொன்ன வாதம் இக்கொள்கையின் அச்சாணி என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. அருகிலுள்ள பொருள் வலுவாக இழுக்கும் என்பது சரி. ஆனால் அருகில் எவ்வளவு பொருள் இருக்கிறது, தொலைவில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

குழிவுக்குள் எங்காவது ஒரு துளி நீர் இருப்பதாகக் கொள்வோம். அத்துளியை உச்சியாகக் கொண்டு, எதிரெதிர்த் திசைகளில் ஒரே கோணமுடைய இரண்டு குறுகிய கூம்புகளை வரைந்தால், ஒன்று அருகிலுள்ள சுவரில் ஒரு சிறு வட்டத்தையும் மற்றொன்று தொலைவிலுள்ள சுவரில் ஒரு பெரிய வட்டத்தையும் வெட்டும். தொலைவு பத்து மடங்கானால் வட்டத்தின் பரப்பு நூறு மடங்காகிறது, ஆகவே அங்கிருந்து இழுக்கும் பொருளும் நூறு மடங்காகிறது. அதே தொலைவினால் ஈர்ப்பு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்துவிடுகின்றன. எந்தத் திசையில் கூம்பு வரைந்தாலும் இதே முடிவுதான். தடித்த ஓட்டைப் பல மெல்லிய ஓடுகளின் அடுக்காகக் கருதலாம் என்பதால், தடிப்பு எவ்வளவு என்பதும் பொருட்டல்ல.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலின் முதற்பகுதியில், 70-ஆவது தேற்றமாக இதை நிறுவினார்: சீரான கோள ஓட்டின் உள்ளே எந்த இடத்திலும் ஓட்டின் நிகர ஈர்ப்பு சுழி. அடுத்த தேற்றமே, ஓட்டுக்கு வெளியே அதன் பொருள் முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதைப் போல ஈர்ப்பு செயல்படும் என்கிறது. ஓட்டின் நடுத்தளம் என்ற ஒன்று எங்கும் ஈர்ப்பு மையமாக ஆவதில்லை. வெளியிலிருந்து கிணறு வெட்டிக்கொண்டு இறங்குபவருக்குக் கீழ்நோக்கிய இழுப்பு படிப்படியாகக் குறைந்து, உட்சுவரை அடையும்போது இல்லாமல் போகும். வழியில் எங்கும் அது திசை மாறுவதில்லை.

சுடர்க்கொடி எழுதியது:

வரலாற்றுப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனெனில் இக்கொள்கைக்கு முதன்முதலில் அறிவியல் வடிவம் தந்தவர் நியூட்டனின் நண்பரும், அந்த நூலைத் தம் செலவில் அச்சேற்றியவருமான எட்மண்ட் ஹாலி. காந்த ஊசியின் விலக்கம் ஆண்டுதோறும் மெல்ல மேற்கே நகர்வதை விளக்குவதற்காக, 1692-இல் அவர் பூமியை ஒன்றினுள் ஒன்றாக அமைந்த ஓடுகளாகக் கற்பனை செய்தார். வெளியோட்டின் தடிப்பு 500 மைல். உள்ளே வெள்ளி, செவ்வாய், புதன் ஆகியவற்றை ஒத்த அளவுடைய கோளங்கள். பூமியின் ஒன்பதில் நான்கு பங்கு வெற்றிடம் என்று அவர் துணிந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. நிலவின் அடர்த்திக்கும் பூமியின் அடர்த்திக்கும் உள்ள விகிதம் 9-க்கு 5 என்று நியூட்டன் அப்போது கணித்திருந்தார். உண்மையில் நிலவின் அடர்த்தி 3.34, பூமியினுடையது 5.51. எனவே ஹாலியின் வெற்றிடத்துக்குக் காரணமே தலைகீழான ஒரு விகிதம்.

நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது வேறு ஒன்று. ஓடு குழிவாக இருந்தால் கடல்நீர் வெடிப்புகள் வழியாக உள்ளே ஒழுகிப்போகாதா என்ற மறுப்பை ஹாலி தாமே எழுப்பிக்கொண்டு விடை சொன்னார். ஓட்டின் உட்பகுதியில் உள்ள உப்பும் துத்தப் பொருள்களும் ஒழுகும் நீரைக் கல்லாக்கி வெடிப்புகளை அடைத்துவிடும் என்பது அவருடைய விடை. அதாவது, நீருக்குக் கீழ்நோக்கிய வழி கிடைத்தால் அது உள்ளே இறங்கியே தீரும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. துருவங்களில் துளை வைத்தது ஹாலி அல்லர். 1818-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து சுற்றறிக்கை விடுத்த ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ்தான் அதற்குப் பெரும் பரப்புரையாளர். பின்வந்தவர்கள் துளையை வைத்துக்கொண்டு அடைப்பைக் கைவிட்டுவிட்டார்கள்.

தேடலோன் எழுதியது:

சுவரின் ஈர்ப்பு சுழி என்பதை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டாலும், பூமி சுழல்கிறதே! சுழலும் பாத்திரத்தில் நீர் சுவரோடு ஒட்டிக்கொள்வதைப் போல, உட்கடலும் மையவிலக்கு விசையால் சுவரோடு நிற்கலாம் அல்லவா?

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

நிற்கலாம், ஆனால் படத்தில் வரைந்திருக்கும் இடங்களில் அல்ல. ஓட்டின் உள்ளாரம் 5,071 கிலோமீட்டர். பூமி நாளுக்கு ஒரு முறை சுழல்வதால் உட்சுவரின் நடுக்கோட்டில் கிடைக்கும் மையவிலக்கு முடுக்கம் 0.027 மீட்டர்/நொடி². இது நம்முடைய ஈர்ப்பில் ஏறத்தாழ 364-இல் ஒரு பங்கு. இங்கே 60 கிலோ எடையுள்ள ஒருவர் அங்கே வெறும் 165 கிராம் எடையை உணர்வார். இடுப்பளவு உயரத்திலிருந்து நழுவும் குவளை தரையைத் தொட எட்டு, ஒன்பது நொடிகள் ஆகும். தரையில் கொட்டிய நீர் மெல்லிய படலமாகப் பரவாது. பரப்பு இழுவிசை அங்கே மேலோங்கி நிற்பதால், பத்துச் சென்டிமீட்டர் தடிப்புள்ள உருண்ட திட்டாகக் கிடக்கும்.

நடுக்கோட்டை விட்டு விலகினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. மையவிலக்கு விசை பூமியின் அச்சுக்குச் செங்குத்தாகத்தான் செயல்படுகிறது. சுவரோ அச்சை நோக்கி வளைந்துகொண்டே போகிறது. எனவே 45 பாகை அகலாங்கில் நிற்பவருக்குத் தரை 45 பாகை சரிவாகத் தோன்றும். 60 பாகையில் 60 பாகை சரிவு. துருவத்துக்கு அருகில் அது செங்குத்துச் சுவர், அதில் சறுக்கும் விசைகூட ஏறக்குறைய இல்லை. உட்சுவரின் வடக்கிலோ தெற்கிலோ எந்த ஆறும் ஏரியும் கடலும் நிலைக்காது. மழை எங்கே பெய்தாலும் நீர் முழுவதும் நடுக்கோட்டுக்கு வந்து சேரும்.

அங்கே சேர்ந்த கடலின் மேற்பரப்பு பூமியின் அச்சோடு ஒருமைய உருளையாக இருக்கும். நம்முடைய கடல்நீர் முழுவதும், ஏறத்தாழ 133 கோடி கன கிலோமீட்டர், உள்ளே இருப்பதாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். கடலின் தன் ஈர்ப்பை விட்டுவிட்டால், நடுக்கோட்டைச் சுற்றி 1,366 கிலோமீட்டர் அகலமும் நடுவில் 46 கிலோமீட்டர் ஆழமும் கொண்ட ஒரே ஒரு நீர்ப்பட்டை கிடைக்கிறது. அதன் அடித்தளத்தில் அழுத்தம் நம் கடலில் 125 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு மேல் போகாது. மற்ற இடமெல்லாம் வறண்ட சரிவு.

பாறைப்பித்தன் எழுதியது:

அந்த நீர்ப்பட்டையின் தன் ஈர்ப்பையும் விட்டுவிட முடியாது. ஓட்டின் ஈர்ப்பு சுழியாகிவிட்டபடியால், எஞ்சியிருப்பவற்றில் கடலே பெரும்புள்ளி. 46 கிலோமீட்டர் தடித்த நீர்ப்படலம் தன் பரப்பில் இருப்பதை 0.02 மீட்டர்/நொடி² அளவில் இழுக்கும். மையவிலக்கோடு அதைக் கூட்டினால் பரப்பில் 0.047 வரும். கடலின் அடித்தளத்திலோ அதே ஈர்ப்பு எதிர்ப்புறமாக, அதாவது மேல்நோக்கிச் செயல்பட்டு, 0.007 மட்டுமே மிஞ்சும். அடித்தளத்தில் கிடக்கும் மணல் சற்றே கலங்கினாலும் திரும்பப் படிவதற்கு நெடுங்காலம் ஆகும். இப்படி ஒரு கடலை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை, ஒருவர் வரைந்தால் நன்றாக இருக்கும்.

மீகாமன் எழுதியது:

அப்படியானால் உட்சூரியனின் கதி என்ன? ஓடு இழுக்கவில்லை என்றால், சூரியன் மட்டும்தானே இழுக்கும்?

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

ஆம், நீர் "கீழே" விழும் இடம் அதுவாகத்தான் இருக்கும். உட்சூரியனின் நிறை நம் நிலவின் நிறையில் ஏழில் ஒரு பங்கை எட்டினால் போதும், நடுக்கோட்டிலும் அதன் இழுப்பு மையவிலக்கை வென்றுவிடும். உட்கடல் முழுவதும் சுவரை விட்டு எழுந்து சூரியனில் போய் விழும். கார்ட்னர் சொன்ன 600 மைல் விட்டமும் பாறையின் அடர்த்தியும் கொண்ட உருண்டை அவ்வளவு கனமானதல்ல என்பதால், நடுக்கோட்டுக் கடல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் 68 பாகைக்கு அப்பால், அதாவது துளைகளை ஒட்டிய பகுதிகளில், சுவரில் எதுவும் தங்காது. மேலும், ஓட்டின் ஈர்ப்பு உள்ளே சுழி என்பது சூரியனுக்கும் பொருந்தும். அதை மையத்தில் நிறுத்தி வைக்கும் விசை எதுவுமில்லை. சற்றே தள்ளப்பட்டாலும் நகர்ந்துகொண்டே போய்ச் சுவரில் மோதும். அவ்வளவு சிறிய பொருள் சூரியனைப் போல ஒளிர முடியாது என்பது தனிக் கதை. உண்மையான விண்மீனுக்கு நம் சூரியனின் நிறையில் நூற்றில் எட்டுப் பங்காவது வேண்டும். அது பூமியைப் போல ஏறத்தாழ 27,000 மடங்கு.

மீகாமன் எழுதியது:

இப்போது துளைகளுக்கு வருவோம். விளிம்பில் வெளிக்கடலும் உட்கடலும் ஒன்றோடொன்று இணைந்து அமைதியாக இருக்க முடியுமா?

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

இந்த இழையின் முக்கியமான கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன், ஏனெனில் இதுவரை பேசியதெல்லாம் நாம் பார்க்க முடியாத உட்கடலைப் பற்றியது; இதுவோ நாம் அன்றாடம் பார்க்கும் வெளிக்கடலைப் பற்றியது.

வெள்ளம் பள்ளத்தை நோக்கியே பாயும். ஈர்ப்பைப் பொறுத்தவரை எது மேடு, எது பள்ளம் என்பதை, ஒரு கிலோ நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கொண்டு அளக்கிறோம். வெளிப்பரப்பிலிருந்து உட்சுவர் வரையிலான 1,300 கிலோமீட்டரிலும் இழுப்பு உள்நோக்கியே இருக்கிறது, மெல்ல மெல்லக் குறைந்தாலும் திசை மாறுவதில்லை. குழிவுக்குள் வந்தபின் இழுப்பு இல்லை. ஆகவே குழிவு முழுவதும், ஒரு மூலை விடாமல், வெளிக்கடலின் மட்டத்தைவிடத் தாழ்ந்த பள்ளம். எவ்வளவு தாழ்வு என்றால், கிலோவுக்கு 68 இலட்சம் ஜூல். நம் வழக்கமான ஈர்ப்பில் ஏறத்தாழ 690 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். துளைகளால் இந்த எண் சற்று மாறலாமே தவிர, பள்ளம் மேடாகிவிடாது. சுழற்சியால் வரும் மாற்றமோ இதில் நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

எனவே கடல்நீர் துளையின் விளிம்பில் வளைந்து திரும்பாது. உள்ளே கொட்டும். உராய்வு இல்லையென்றால் நொடிக்கு 3.7 கிலோமீட்டர் வேகத்தில் குழிவுக்குள் பாய்ந்து, பிடித்து நிறுத்தும் ஈர்ப்பு இல்லாத வெளியில் திவலைகளாகச் சிதறும். உலகக் கடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் இது ஆர்க்டிக் பெருங்கடலோடு நிற்காது. விளிம்பைத் தொடும் அளவுக்கு நீர்மட்டம் இருக்கும் வரை கொட்டிக்கொண்டே இருக்கும். குழிவு நிரம்பிவிடும், பிறகு நின்றுவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். குழிவின் கொள்ளளவு 54,600 கோடி கன கிலோமீட்டர். உலகக் கடல்நீர் அத்தனையும் அதில் நானூறில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது.

காற்றுக்கும் இதே கதிதான். வளிமண்டலம் முழுவதும் உள்ளே போய் நிரம்பினாலும், அதன் அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றில் நூறில் ஒரு பங்கை எட்டாது. வெளியே கடலும் இல்லை, காற்றும் இல்லை. உள்ளே மெல்லிய காற்றில் மிதக்கும் நீர்த்திவலைகள். கடற்கரையில் நின்று கடலைப் பார்க்கும் எவரும், அந்த அளவில் ஒரு துளை துருவத்தில் இல்லை என்பதற்கான சான்றைத்தான் பார்க்கிறார்.

சுடர்க்கொடி எழுதியது:

நீர் உள்ளே கொட்டும் என்பதைப் பழையவர்கள் ஒளிக்காமல் வரைந்தார்கள் என்பது சுவையான செய்தி. நிலப்பட வரைஞர் மெர்க்காட்டர் 1569-இல் வெளியிட்ட உலகப் படத்தின் ஓரத்தில் வடதுருவத்தின் தனிப்படம் உண்டு. நடுவில் கரும்பாறை, அதைச் சுற்றி நான்கு தீவுகள், அவற்றின் இடையே நான்கு நீரோட்டங்கள் துருவத்தை நோக்கிப் பாய்ந்து பூமிக்குள் விழுங்கப்படுகின்றன. அத்தனாசியுஸ் கிர்க்கர் 1665-இல் இதை ஒரு சுற்றோட்டமாகவே ஆக்கினார்: கடல்நீர் வடதுருவச் சுழலில் புகுந்து, பூமியின் உள்வழிகளில் சென்று, தென்துருவத்தில் வெளிப்படுகிறதாம். தென்துருவத்தில் நீரை மேலே தள்ளுவது எது என்ற கேள்வி அங்கே நிற்கிறது, ஆனாலும் நீர் எந்தப் பக்கம் விழும் என்பதில் அவர்கள் தடுமாறவில்லை.

பிற்கால ஆதரவாளர்கள் நீரோட்டத்தின் திசையைத் திருப்பிவிட்டார்கள். 1906-இல் வில்லியம் ரீட் பனிப்பாறைகளைச் சான்றாகக் காட்டினார். கடலில் மிதக்கும் பனிப்பாறை உருகினால் நன்னீர்தானே வருகிறது, ஆகவே அது பூமிக்குள் ஓடும் ஆறுகளில் உறைந்து வெளியே வந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிக்காவிலும் விழும் பனி காலப்போக்கில் இறுகிப் பனியாறாகிக் கடலோரத்தில் முறிந்து விழுகிறது. பனிப்பாறை நன்னீராக இருப்பதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

ஆர்க்டிக் நீரோட்டம் எங்கே போகிறது என்பதை ஒரு கப்பல் நேரடியாகவே சோதித்தது. சைபீரியக் கரைக்கு அப்பால் 1881-இல் மூழ்கிய ஜீனெட் என்ற கப்பலின் பொருள்கள் மூன்று ஆண்டுகளுக்குப் பின் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அதைக் கொண்டு நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென், நீரோட்டம் ஆர்க்டிக் வழியாகக் குறுக்கே செல்கிறது என்று ஊகித்து, ஃபிராம் கப்பலை 1893-இல் வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். 1896-இல் அது ஸ்வால்பார்டு பக்கம் பனியிலிருந்து வெளிவந்தது. வழியில் அளந்த ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டியது. பனியும் நீரும் துருவப் பகுதியைக் கடந்து அட்லாண்டிக்குக்கு வெளியேறுகின்றன. எந்தத் துளையும் அவற்றை விழுங்கவில்லை. 1958 ஆகஸ்டு 3 அன்று நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் வடதுருவத்துக்கு அடியிலேயே சென்று மறுபுறம் வந்தது. தென்துருவத்திலோ 1956 முதல் ஆய்வு நிலையம் இருக்கிறது; அதன் அடியில் இருப்பது இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனி.

தேடலோன் எழுதியது:

துளைகளைப் பற்றிய வாதத்துக்கு இப்போதைக்கு நான் மறுப்பு எழுதவில்லை. ஆனால் ஹாலி சொன்னதைப் போலத் துளையில்லாத, முழுவதும் மூடிய ஓடு என்று வைத்துக்கொண்டால் வெளிக்கடல் வெளியிலேயே நிற்கும் அல்லவா? அதற்கு ஆதரவாக மூன்று செய்திகளைக் குறிப்பிட விரும்புகிறேன். ஒன்று, இந்தியப் பெருங்கடலில் நம் தீபகற்பத்துக்கும் இலங்கைக்கும் தெற்கே "ஈர்ப்புத் துளை" இருப்பதாக நாளிதழ்களே எழுதின. அங்கே கீழே வெற்றிடம் இருக்கலாம். இரண்டு, 2014-இல் பூமியின் ஆழத்தில் பெருங்கடல் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மூன்று, நிலநடுக்க அலைகளில் ஒரு வகை பூமியின் நடுப்பகுதியைக் கடப்பதே இல்லை என்று பாடநூலிலேயே இருக்கிறது.

பாறைப்பித்தன் எழுதியது:

மூடிய ஓடுதான் இக்கொள்கையின் வலுவான வடிவம். நியூட்டனின் இரண்டாவது தேற்றத்தின்படி, அதே நிறையுள்ள மூடிய ஓடும் திண்மக் கோளமும் வெளியே ஒரே ஈர்ப்பைத்தான் தரும். வெளியே நின்று நீரை எடைபோட்டு மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் வேறு வழிகளில்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் இந்தியப் பெருங்கடல். அங்கே கடல்மட்டம் சராசரியைவிட ஏறத்தாழ 106 மீட்டர் தாழ்ந்திருப்பது உண்மை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் இருவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து கிளம்பும் வெப்பமான, அடர்த்தி குறைந்த மூடகப் பொருள் (மேலோட்டுக்கும் கருவுக்கும் இடைப்பட்ட அடுக்கின் பாறை) அப்பகுதிக்குக் கீழே பரவியிருப்பதால் இந்தத் தாழ்வு ஏற்படுகிறது என்று விளக்குகிறது. அடர்த்தியில் சிறிய வேறுபாடே 106 மீட்டர் பள்ளத்தை உண்டாக்கிவிடுகிறது என்றால், ஒரு பக்கமாக அமைந்த பெரும் வெற்றிடம் கடல்மட்டத்தில் எவ்வளவு பெரிய பள்ளத்தை உண்டாக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். "துளை" என்ற தலைப்பு நாளிதழ்காரர்களின் கொடை.

இரண்டாவது, ஆழத்துப் பெருங்கடல். பிரேசிலின் ஜுயினா பகுதியில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் சிக்கியிருந்த ரிங்வுடைட் என்னும் கனிமத் துகளில், எடையில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு நீர் இருப்பதை கிரஹாம் பியர்சன் குழுவினர் கண்டார்கள். 410 முதல் 660 கிலோமீட்டர் ஆழம் வரையிலான அடுக்கின் கீழ்ப்பாதியில் உருவாகும் கனிமம் அது. ஆனால் அந்த நீர் ததும்பும் நீரல்ல. ஆக்சிசனும் ஐதரசனும் இணைந்த தொகுதிகளாகப் படிகத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கிறது. பாறையைக் கையில் எடுத்தால் ஈரம் தெரியாது. அதில் கப்பல் விட முடியாது என்பதோடு, அந்தக் கனிமம் உருவாவதற்கே மேலிருந்து அழுத்தும் திண்மப் பாறை வேண்டும். வெற்றிடத்தின் பக்கத்தில் அது நிலைக்காது. ஆகவே இச்செய்தி தேடலோன் அவர்களின் வாதத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

மூன்றாவது, நிலநடுக்க அலைகள். குறுக்கலைகள் வெளிக்கருவைக் கடப்பதில்லை, ஏனெனில் அது உருகிய உலோகம். நெட்டலைகள் கடக்கின்றன. பூமியின் ஒரு பக்கத்தில் நிகழும் பெரிய நடுக்கத்தின் நெட்டலை, நேர் எதிர்ப்புறத்தை ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அடைகிறது. வெற்றிடம் இருந்தால் இரண்டு வகையுமே நின்றிருக்கும். ஓல்டாம் 1906-இல் கருவின் இருப்பைக் காட்டியதும், இங்கெ லேமன் என்னும் நிலநடுக்க ஆய்வாளர் 1936-இல் அதனுள் இன்னொரு கரு இருப்பதைக் கண்டதும் உள்ளே சென்று திரும்பிய அலைகளைக் கொண்டுதான்.

இவற்றைவிட எனக்குப் பிடித்த சோதனை பூமியின் தள்ளாட்டம். நிலவும் சூரியனும் பூமியின் நடுப்புடைப்பை இழுப்பதால் அதன் அச்சு ஏறத்தாழ 25,800 ஆண்டுகளுக்கு ஒரு சுற்று வருகிறது. நம்மவர்கள் அயனச் சலனம் என்று சொல்வது இதைத்தான். பொருள் மையத்தில் குவிந்திருக்கிறதா, ஓரத்தில் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்து இச்சுற்றின் வேகம் மாறும். இந்தப் பரவலைக் காட்டும் எண், அதாவது நிலைமத் திருப்புத்திறனுக்கான எண், பூமிக்கு 0.33. எங்கும் ஒரே அடர்த்தியுள்ள திண்மக் கோளத்துக்கு அது 0.40, 1,300 கிலோமீட்டர் ஓட்டுக்கு 0.55. பூமி ஓடாக இருந்தால் அச்சு ஒரு சுற்று வர ஏறத்தாழ 43,000 ஆண்டுகள் ஆகியிருக்கும். 0.40-ஐவிடக் குறைவாக இருப்பதன் பொருள், நடுவில் வெற்றிடம் இல்லை என்பது மட்டுமல்ல, நடுவில்தான் கனம் மிகுதி என்பதுமாகும்.

தேடலோன் எழுதியது:

மூடிய ஓட்டின் அடர்த்தி எவ்வளவு வரும் என்று யாராவது கணக்கிட்டீர்களா? ஓடு கனமான பொருளால் ஆனதாக இருந்தால் அது தாங்கக்கூடும் அல்லவா?

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

பூமியின் சராசரி அடர்த்தி 5.51 என்பது உறுதி; 1798-இலேயே கேவண்டிஷ் 5.48 என்று அதற்கு மிக அருகில் வந்துவிட்டார். ஓட்டின் பருமன் முழுக்கோளத்தில் பாதியளவே என்பதால், அதே நிறையை அடக்க அடர்த்தி 11.1 ஆக வேண்டும். இது ஈயத்தின் அடர்த்தி. நம் காலடியில் உள்ள கருங்கல் 2.7 தான் என்பதால், கீழே உள்ளது ஈயத்தைவிடக் கனமானதாக இருக்க வேண்டும். தன் எடையையே தாங்க அந்த ஓட்டுக்குள் 160 கிகாபாஸ்கல் அளவிலான தகைவு எழும். கருங்கல் நொறுங்குவது 0.2 கிகாபாஸ்கலில். பல நூறு மடங்கு வேறுபாடு. ஓடு உள்நோக்கிச் சரிந்து நிரம்பிவிடும். இவ்வளவு பெரிய பொருள் எதுவும் கோள வடிவத்தில் இருப்பதே, பாறையின் வலிமை ஈர்ப்பின் முன் தோற்றுப்போவதால்தான்.

தேடலோன் எழுதியது:

முழு உலகம் என்ற அளவில் வேண்டாம். பெருங்குகைகள், அவற்றில் நிலத்தடிக் கடல்கள் என்று சுருக்கிக்கொண்டால்? அதற்கு எந்த ஆழம் வரை இடம் உண்டு?

பாறைப்பித்தன் எழுதியது:

இது நல்ல கேள்வி, இதற்கு அளந்த விடைகளும் உண்டு. இதுவரை மனிதர் இறங்கியவற்றில் மிக ஆழமான குகை ஜார்ஜியாவின் அப்காசியப் பகுதியிலுள்ள வெரியோவ்கினா. வாயிலிலிருந்து 2,200 மீட்டருக்குச் சற்று மேல். அது சுண்ணாம்புக் கல்லை மழைநீர் அரித்து உண்டாக்கியது, அடியில் நீர் தேங்கியே நிற்கிறது. அத்தகைய குகைக்கு, நீர் இறங்கி வேறொரு பக்கம் வெளியேறத் தாழ்வான வழி வேண்டும் என்பதால், மலையின் உயரமே பெரும்பாலும் அதன் ஆழத்துக்கு எல்லையாகிறது.

அதற்குக் கீழே மனிதர் இறங்கிய இயற்கைக் குகை இல்லை, துளையிடும் கருவி போயிருக்கிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1989-இல் எட்டிய ஆழம் 12,262 மீட்டர். அங்கே வெப்பம் 180 பாகை செல்சியசு. வெடிப்புகளில் நீர் இருந்தது; ஆனால் அது மயிரிழை வெடிப்புகளில் அடைபட்ட உப்புநீர், குளமல்ல. பாறை மேலும் வெப்பமடைந்து இளகும் ஆழத்தில் அந்த வெடிப்புகளும் மூடிக்கொள்ளும். நீங்கள் கேட்கும் நிலத்தடிக் கடலுக்கு இடம் தேடுவதானால், சுண்ணாம்புக் கல் உள்ள மலைகளில் முதல் சில கிலோமீட்டருக்குள்தான் தேட வேண்டும். அதற்குக் கீழே நீர் உண்டு, வெளி இல்லை.